ஆர்.பி.என். படிக்க நினைப்பவர்களுக்கு: செப்டெம்பரில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம். பேச்சுத் தமிழ் அப்படியே இருக்கு.)

போன பகுதியில் பி.எஸ்.டபிள்யூ. வேலையைப் பற்றிக் கதைத்த பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அக்கா, நான் ஆறு வருசமா பி.எஸ்.டபிள்யூ.வா நிக்கிறன். ஆர்.பி.என். படிக்க ஏலுமா? எங்க இருந்து தொடங்கிறது?" சிலர் இன்னும் நேராகவே கேட்டிருக்கினம்: "எனக்கு இப்ப நாற்பது. இனி ஏலுமா?"

வயது ஒரு தடையே இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். நானும் முதலில் பி.எஸ்.டபிள்யூ. தான். இப்ப ஒன்ராறியோவில் ஆர்.பி.என். ஆக வேலை செய்கிறேன். என்னோடு படித்தவர்களில் 19 வயதுப் பிள்ளையும் இருந்தது, பேரப்பிள்ளை கண்ட அம்மாவும் இருந்தா. விண்ணப்பிக்கிற இடத்தில் எங்கட ஆக்கள் தடுக்கி விழுகிறதுக்குக் காரணம் வயது இல்லை, பெரும்பாலும் கெட்டித்தனமும் இல்லை. திகதி. ஒரு பாடம் முடியவில்லை, ஒரு சான்றிதழ் வந்து சேரவில்லை, ஒரு தடுப்பூசியின் மூன்றாவது ஊசிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கு. அதால ஒரு வருசம் போய்விடும். நாற்பது வயதில் ஒரு வருசம் என்பது சின்ன விசயம் இல்லை. இண்டைக்கு நான் கதைக்கப்போறது அந்த வருசத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். ஆர்.பி.என். என்றால் ரெஜிஸ்டர்ட் பிராக்டிகல் நேர்ஸ். கல்லூரியில் படிக்கிற படிப்பின் பெயர் பிராக்டிகல் நேர்சிங். இரண்டு வருசம், நாலு செமெஸ்டர், கையில் கிடைப்பது டிப்ளோமா. ஆர்.என். என்பது நாலு வருசப் பட்டம். 2005இல் இருந்து ஒன்ராறியோவில் புதிதாக ஆர்.என். ஆகிறவருக்குப் பட்டம் கட்டாயம். கனடாவின் மற்ற மாகாணங்களில் எங்களை எல்.பி.என். என்று சொல்வார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆர்.பி.என். என்று தேடினீர்கள் என்றால் மனநல நேர்ஸ்தான் வரும், அது வேறு தொழில். வன்கூவரில் இருக்கிற தங்கச்சியிடம் ஆலோசனை கேட்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

பிராக்டிகல் என்ற சொல்லைப் பார்த்து இதை "அரை நேர்ஸ்" என்று சொல்கிறவர்கள் எங்கட வீடுகளிலேயே இருக்கினம். ஆர்.பி.என். மருந்து கொடுப்பார், ஊசி போடுவார், காயம் பார்த்துக் கட்டுவார், கதீற்றர் போடுவார், நோயாளியைப் பரிசோதித்து "இவருக்கு ஏதோ மாறுது" என்று முதலில் கண்டுபிடிப்பார். நோயாளியின் நிலை சிக்கலாகவும் கணிக்க முடியாததாகவும் போகப் போக ஆர்.என். உள்ளே வருவார். இரண்டு பேருக்கும் ஒரே ஒழுங்குமுறை அமைப்புத்தான், பிழை நடந்தால் பதில் சொல்கிற பொறுப்பும் ஒன்றுதான்.

அந்த அமைப்பின் பெயர் கொலிஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ, சுருக்கமாக சி.என்.ஓ. பெயரில் கொலிஜ் என்று இருக்கிறதால பலர் இதைப் படிக்கிற இடம் என்று நினைக்கினம். அங்கே வகுப்பு ஒன்றும் இல்லை. யார் நேர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதைத் தீர்மானிக்கிற இடம் அது. உங்கட முதல் வேலையும் அங்கேதான்: சி.என்.ஓ. அங்கீகரித்த பிராக்டிகல் நேர்சிங் படிப்புகளின் பட்டியல் அவர்களின் இணையத்தளத்தில் இருக்கு. நீங்கள் சேர நினைக்கிற படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கா என்று உங்கட கண்ணால் பாருங்கள். ஒருத்தர் அழகான அலுவலகம் வைத்து, "இது நேர்சிங் மாதிரித்தான் அக்கா, முடிச்சால் ஆஸ்பத்திரியில் வேலை" என்று சொல்லிப் பல ஆயிரம் டொலர் கேட்கலாம். பட்டியலில் இல்லாத படிப்பை ஒன்ராறியோவில் முடித்தால் பதிவுப் பரீட்சைப் பக்கம் போக ஏலாது. "நேர்சிங் மாதிரி" என்ற சொல் வந்தாலே கதிரையை விட்டு எழும்பிவிடுங்கள்.

இன்னொரு கூட்டத்துக்கு இந்தப் பகுதியே தேவையில்லாமல் இருக்கலாம். இலங்கையிலோ இந்தியாவிலோ நேர்ஸாக வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர்கள். நீங்கள் நேரே போய் முதல் வருசத்தில் சேரவேண்டாம். முதலில் சி.என்.ஓ.வில் வெளிநாட்டில் படித்த நேர்ஸாக விண்ணப்பிக்கிற வழியைப் பாருங்கள். ரொறன்ரோவில் கெயார் சென்ரர் என்று வெளிநாட்டு நேர்ஸ்மாருக்கு என்றே ஒரு அமைப்பு இருக்கு. ஊரில் பத்து வருசம் வார்ட்டில் நின்ற ஒருவர் இங்கே திரும்ப முதல் பக்கத்தில் இருந்து படிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்காது.

சரி, மற்றவர்களுக்கு வருவோம். கல்லூரிகள் கேட்கிற பாடங்கள் நாலு. 12ஆம் வகுப்பு ஆங்கிலம். 11ஆம் அல்லது 12ஆம் வகுப்புக் கணிதம். அதே அளவில் உயிரியல். அதே அளவில் இரசாயனவியல். எந்த வகுப்பு, எந்தப் பிரிவு, எத்தனை புள்ளி என்பது கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும், ஆனால் நாலு பாடம் என்பது மாறாது. இங்கே ஹைஸ்கூல் முடித்தவர்களுக்கும் பெரும்பாலும் இல்லாமல் இருப்பது இரசாயனவியல்தான். "அப்ப பிஸ்னஸ் எடுத்தனான் அக்கா" என்பார்கள்.

பக்கத்தில் போட்டிருக்கிற குறைந்தபட்சப் புள்ளியைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். அது வாசற்படி மட்டும்தான். இருக்கிற இடங்களைவிடக் கேட்கிறவர்கள் அதிகம், அதால கல்லூரி மேலே இருந்து கீழே வரிசைப்படுத்தித்தான் எடுக்கும். 60 கேட்கிற இடத்தில் 62 வைத்திருப்பவர் தகுதி உள்ளவர், ஆனால் இடம் கிடைக்காமல் போகலாம். ஏற்கெனவே இருக்கிற பாடத்தைத் திரும்ப எடுத்துப் புள்ளியை ஏற்றுவதும் ஒரு தயாரிப்புத்தான்.

ஊரில் ஓ.எல்., ஏ.எல். எடுத்தவர்கள் சான்றிதழை இங்கத்தைய கல்விக்கு மதிப்பிட்டு வாங்கவேணும். வெஸ் போன்ற நிறுவனங்கள் அதைச் செய்யும். எந்த மதிப்பீட்டை ஏற்கும் என்று முதலில் கல்லூரியிடம் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள். ஏ.எல்.இல் உயிரியல் பிரிவு படித்தவருக்கு விஞ்ஞானப் பாடங்கள் ஓரளவு சரிவரலாம், ஆங்கிலத்துக்கு எப்படியும் தனியாக ஒரு ஆதாரம் கேட்பார்கள்.

சான்றிதழே இல்லை என்கிறவர்கள் எங்கட சமூகத்தில் குறைவில்லை. யுத்தத்தில் பள்ளிக்கூடம் போச்சுது, வீடு போச்சுது, கடதாசியும் போச்சுது. அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றும் இல்லை, அதற்கும் வழி இருக்கு. 19 வயது தாண்டினவர் வளர்ந்த மாணவராக விண்ணப்பிக்கலாம். ஆனால் அது ஹைஸ்கூல் சான்றிதழுக்குப் பதிலாகத்தான். அந்த நாலு பாடங்களும் திரும்பவும் வேணும். அதை எடுக்க மூன்று இடம் சொல்கிறேன். ஒன்று, கல்லூரிகளிலேயே நடக்கிற அகடமிக் அப்கிரேடிங். தகுதி உள்ள ஒன்ராறியோவாசிகளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு, கல்விச் சபைகள் நடத்துகிற பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம், ஸ்காபரோவிலும் இருக்கு. மூன்று, ரீ.வீ.ஓ. நடத்துகிற ஐ.எல்.சி., வீட்டில் இருந்தே ஒரு ஒரு பாடமாக எடுக்கலாம். இரவு வேலை செய்கிறவருக்கு மூன்றாவது வசதி. ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தனியே படித்து முடிக்கிறது லேசில்லை. வகுப்புக்குப் போய் இருந்தால்தான் சிலருக்குப் படிப்பு ஏறும். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும்.

நாலு பாடத்தில் மூன்று இல்லை என்றால், பிரீ ஹெல்த் சயன்சஸ் என்று ஒரு வருசப் படிப்பு இருக்கு. எல்லாம் ஒரே இடத்தில் முடியும். அதற்குக் கட்டணம் உண்டு.

பி.எஸ்.டபிள்யூ. அனுபவம் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். படிக்கிற காலத்தில் மிகவும் உதவும். ஒரு ஆளை எப்படிப் புரட்டுவது, குளிக்க மறுக்கிற ஐயாவிடம் எப்படிக் கதைப்பது என்று உங்களுக்குப் புத்தகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் வழமையான நுழைவுக்கு அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் புள்ளியைத்தான். "பத்து வருசம் செய்தனான், எடுப்பினம்" என்று நம்பி இருக்காதீர்கள். சில கல்லூரிகளில் பி.எஸ்.டபிள்யூ.மாருக்கு என்று தனிப் பாலப் படிப்பு இருக்கு, அங்கே உங்கட சான்றிதழுக்கும் வேலைக்கும் பெறுமதி உண்டு. இரண்டையும் பாருங்கள்.

இப்ப திகதிக்கு வருவோம். ஒன்ராறியோவின் அரச கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் ஒரே இணையத்தளத்தில்தான்: ஒன்ராறியோ கொலிஜஸ். செப்டெம்பரில் தொடங்கிற படிப்புக்கு முதல் வருசம் ஒக்டோபர் அளவில் திறக்கும். ஐந்து படிப்புகள் வரை தெரியலாம், ஒரு கல்லூரியில் மூன்றுக்கு மேல் இல்லை. பெப்ரவரி 1 முக்கியமான நாள். அதற்குள் வந்த விண்ணப்பங்களைச் சமமாகப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு மிச்சம் இடம் இருந்தால், வந்த ஒழுங்கில். பிராக்டிகல் நேர்சிங் மாதிரிக் கேள்வி கூடின படிப்புக்கு "பிறகு" என்று ஒன்று இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். சில கல்லூரிகளில் ஜனவரியிலும் ஒரு தொகுதி தொடங்கும். அதன் திகதி வேறு.

விண்ணப்பம் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கவேண்டாம். புள்ளிப் பட்டியல்கள் தனியே போய்ச் சேரவேணும். அதோடு பெயர். இது எங்கட ஆக்களுக்கே உரிய தலையிடி. ஓ.எல். சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, பிஆர் காட்டில் அது பின்னுக்கு, கலியாணத்துக்குப் பிறகு எடுத்த லைசென்சில் கணவரின் பெயர். ஒரே ஆள், மூன்று பெயர். கல்லூரிக்கும், பிறகு சி.என்.ஓ.வுக்கும், பரீட்சை மண்டபத்தில் காட்டுகிற அடையாள அட்டைக்கும் ஒரே பெயர் இருக்கவேணும். எந்தப் பெயரில் நேர்ஸாகப் போறீர்கள் என்று இப்பவே முடிவெடுத்து, மற்றக் கடதாசிகளை அதற்குக் கொண்டுவாருங்கள்.

சில கல்லூரிகள் நுழைவுப் பரீட்சையும் வைக்கும். அதிகம் கேள்விப்படுவது ஹெசி என்ற பரீட்சை. வாசித்து விளங்குவது, சொல்வளம், இலக்கணம், கணிதம், உயிரியல் என்று பிரிவுகள் இருக்கும், எந்தப் பிரிவு வேணும் என்று கல்லூரி சொல்லும். எங்கட ஆக்கள் கணிதத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், "இது ஆறாம் ஆண்டுக் கணக்கு" என்று. உண்மைதான். பின்னம், வீதம், விகிதம். ஆனால் கொஞ்சம் நில்லுங்கள்.

வைத்தியர் 0.25 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறார். உங்கட கையில் இருக்கிற குளிசை 125 மைக்ரோகிராம். எத்தனை குளிசை? ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம், ஆக 0.25 என்பது 250, அதால இரண்டு குளிசை. லேசுதான். இதையே இரவு மூன்று மணிக்கு, இரண்டு அறையில் மணி அடிக்கும்போது, தசமப் புள்ளியை ஒரு இடம் தள்ளி வாசித்தால்? வகுப்பில் ஒரு சைபர் பிழைத்தால் ஒரு புள்ளி போகும். வார்ட்டில் ஒரு சைபர் பிழைத்தால் அந்த மனிசனுக்குப் பத்து மடங்கு மருந்து போகும். அதனால்தான் மருந்துக் கணக்குப் பரீட்சையில் பல கல்லூரிகள் சாதாரண சித்திப் புள்ளியை ஏற்பதில்லை, மிக உயர்ந்த புள்ளி கேட்கும். எழுதுகிற முறைக்கும் சட்டம் இருக்கு: அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னுக்குச் சைபர் போட்டு எழுதவேணும், வெறும் புள்ளி ஐந்து என்று எழுதக்கூடாது. ஐந்து மில்லிகிராமை 5 என்று எழுதவேணும், 5.0 என்று எழுதக்கூடாது. புள்ளி மங்கலாகத் தெரிந்தால் அது 50 ஆகிவிடும்.

இன்னும் இரண்டு கணக்கு. நோயாளியின் நிறை 154 பவுண்ட். மருந்து ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். 154ஐ 2.2ஆல் பிரித்தால் 70 கிலோ, ஐந்தால் பெருக்கினால் 350 மில்லிகிராம். அடுத்தது, 1000 மில்லிலீற்றர் சேலைன் எட்டு மணித்தியாலத்தில் போகவேணும் என்றால் மணிக்கு 125. இப்படித் தினமும் ஐந்து கணக்கு, கல்குலேற்றர் இல்லாமல், விண்ணப்பம் போடுகிற நாளில் இருந்தே செய்யுங்கள். 24 மணி நேரக் கடிகாரத்துக்கும் பழகுங்கள். இரவு ஏழரை 1930.

ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேணும். கதைக்கிற ஆங்கிலம் எங்களில் பலருக்கு வேலைத்தலத்திலேயே வந்துவிடும். எழுதுகிற ஆங்கிலம் அப்படி வராது. அதோடு நேர்ஸ் எழுதுகிறது ஒரு தனி எழுத்து. "அம்மா இண்டைக்குக் கோபமாக இருந்தா" என்று எழுதினால் அது உங்கட அபிப்பிராயம். "0810: மருந்து கொடுத்தபோது கிண்ணத்தைத் தள்ளிவிட்டார், வேண்டாம் என்றார். 0840: மறுபடி கொடுத்தேன், எடுத்தார்." இதுதான் பதிவு. கண்டது, கேட்டது, செய்தது, நேரம். "பாவம்", "நல்ல மனிசி", "பிடிவாதம்" எல்லாம் வெளியே. பி.எஸ்.டபிள்யூ. வேலையில் இருக்கிறவர்கள் இதை நாளைக்கே பழகத் தொடங்கலாம். நீங்கள் எழுதுகிற குறிப்பைத் திரும்ப வாசித்து, கண்டதையும் நினைத்ததையும் பிரித்துப் பாருங்கள்.

இப்ப நான் அதிக நேரம் எடுக்கப்போற இடம்: சுகாதாரக் கோப்பு. இடம் கிடைத்த பிறகு வருகிற வேலை என்று எல்லாரும் தள்ளிவைப்பது இதைத்தான். முதல் செமெஸ்டரிலேயே முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பத் தொடங்குகிற கல்லூரிகள் உண்டு. கோப்பு முழுமை இல்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள். பயிற்சிக்குப் போகாதவர் அந்தப் பாடத்தில் சித்தியடைய ஏலாது. அவ்வளவுதான் கதை.

ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி வளர்ந்தவர்களுக்கு மூன்று ஊசி. முதலாவது இண்டைக்கு என்றால் இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். அதற்குப் பிறகுதான் எதிர்ப்பு வந்திருக்கா என்று இரத்தம் பார்ப்பார்கள். மே மாதம் இடம் கிடைத்து, ஜூனில் முதல் ஊசி போட்டால் மூன்றாவது டிசெம்பரில். செப்டெம்பரில் நீங்கள் பாதியில் நிற்பீர்கள். சில இடங்களில் நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் விடுவார்கள், ஆனால் அதை நம்பி இருக்கத் தேவையில்லை. இலங்கையில் பிள்ளைகளுக்கான ஊசித் திட்டத்தில் இது சேர்ந்தது 2003இல்தான். அதற்கு முதல் பிறந்தவர்கள் ஊரில் ஊசி போட்ட ஞாபகத்தை இதற்குக் கணக்கில் எடுக்கவேண்டாம்.

சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, கொப்புளிப்பான். "எனக்குக் கொப்புளிப்பான் வந்தது, அம்மா வேப்பிலையில் படுக்க வைச்சவா" என்று சொன்னால் இங்கே காணாது. ஊசி அட்டை அல்லது இரத்தப் பரிசோதனை முடிவு வேணும். ஊர்ச் சுகாதார அட்டை தொலைந்தவர்கள் குடும்ப வைத்தியரிடம் போய் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரத்தம் பார்க்கலாம். எதிர்ப்பு இருந்தால் அதுவே ஆதாரம். ஏற்புவலி, குக்கல் ஊசியும் கேட்பார்கள்.

காசநோய்ப் பரிசோதனைதான் எங்கட ஆக்களை ஓடவைக்கிறது. கையில் தோலுக்குள் சின்ன ஊசி, இரண்டு மூன்று நாளில் திரும்பிப் போய்க் காட்டவேணும். அதோடு முடியாது, ஒன்றில் இருந்து நாலு கிழமைக்குள் இரண்டாவது முறை. நாலு தரம் கிளினிக் ஏறி இறங்கவேணும். எங்களில் பலருக்குத் தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கு. கை வீங்கினால் "அது பி.சி.ஜி. போட்டதால" என்று சொல்லி விட்டுவிடுகிற பழக்கம் எங்களிடம் உண்டு. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. இவ்வளவு வருசம் கழித்துப் பரிசோதனையை ஏமாற்றுவது குறைவு. வீங்கினால் எக்ஸ்ரே எடுப்பார்கள், உடம்பில் தூங்குகிற கிருமி இருக்கா என்று வைத்தியர் பார்ப்பார். அது இருந்தால் நீங்கள் நோயாளி என்று பொருள் இல்லை, மற்றவருக்குத் தொற்றாது, மருந்தும் இருக்கு. பயந்து மறைக்கவேண்டாம். ஏற்கெனவே ஒரு தரம் வீங்கினவர்கள் அந்தப் பழைய முடிவைக் காட்டுங்கள், திரும்ப ஊசி போடத் தேவையில்லை.

ஒரு ஒழுங்கு மட்டும் முக்கியம். சின்னமுத்து, கொப்புளிப்பான் ஊசிகள் உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்தவை. காசநோய்ப் பரிசோதனையை அவற்றுக்கு முதல், அல்லது அதே நாளில் செய்யவேணும். ஊசி போட்டு அடுத்த கிழமை பரிசோதனைக்குப் போனால் "நாலு கிழமை கழித்து வா" என்பார்கள். ஓகஸ்ட் மாதத்தில் நாலு கிழமைக்கு எங்கே போறது?

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். முதலுதவிச் சான்றிதழ், அதோடு சுகாதார ஊழியர்களுக்கான உயிர்காப்புப் பயிற்சி. கல்லூரி சொன்ன மட்டத்தில் எடுங்கள், மலிவாக இருக்கு என்று இணையத்தில் மட்டும் நடக்கிற வகுப்பை எடுக்காதீர்கள், கையால் செய்து காட்டவேணும். என்95 முகக்கவசப் பொருத்தப் பரிசோதனை. தம்பிமார் தாடியோடு போனால் திருப்பி அனுப்புவார்கள், கவசம் தோலோடு ஒட்டவேணும். பொலிஸ் சான்றிதழ், அதிலும் பலவீனமானவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கான விசேட பிரிவு. நீங்கள் வசிக்கிற இடத்துப் பொலிசிடம்தான் எடுக்கவேணும்: மார்க்கத்தில் இருந்தால் யோர்க், அஜக்சில் இருந்தால் டர்ஹம். உங்கட பிறந்த திகதி வேறு யாருடைய பதிவோடாவது ஒத்துப்போனால் கைரேகை கேட்பார்கள். உங்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் கிழமைகள் போகும். அதே நேரம் இதை ஒரு வருசத்துக்கு முதலே எடுத்தாலும் செல்லாது, கல்லூரி சொல்கிற காலத்துக்குள் எடுக்கவேணும். முதலில் தொடங்கவேண்டியது ஊசி. கடைசியில் எடுக்கவேண்டியது பொலிஸ் கடதாசி.

காசுக்கு வருவோம். ஒசாப் எல்லாருக்கும் தெரியும். அதைவிட இரண்டு இருக்கு. லேர்ன் அன்ட் ஸ்டே என்ற மாகாண உதவி: வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவில் குறித்த கல்லூரிகளில் நேர்சிங் படித்தால் கட்டணத்தை மாகாணம் தரும், பிறகு அந்தப் பகுதியிலேயே கொஞ்சக் காலம் வேலை செய்யவேணும். ரொறன்ரோ இதில் இல்லை. குடும்பத்தோடு இருப்பவருக்குக் கஷ்டம், தனியாக இருக்கிற பிள்ளைக்கு யோசிக்கலாம். மற்றது பிகின் என்ற திட்டம், பி.எஸ்.டபிள்யூ. ஆக இருந்து ஆர்.பி.என். படிக்கிறவர்களுக்கு, முதியோர் பராமரிப்பில் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டால். நீங்கள் விண்ணப்பிக்கிற வருசத்தில் என்ன நிபந்தனை என்று அவர்களின் பக்கத்தில் பாருங்கள்.

ஆனால் கட்டணத்தைவிடப் பெரிய செலவு, இரண்டு வருசம் குறையப்போகிற உங்கட சம்பளம். மோர்ட்கேஜ் கட்டுகிற வீட்டில் இதை ஒளித்துவைக்க ஏலாது. பயிற்சி நாட்கள் காலை ஏழு மணிக்குத் தொடங்கும், சில நேரம் பன்னிரண்டு மணித்தியாலம். ஸ்காபரோவில் இருக்கிற உங்களை எற்றோபிக்கோவுக்கு அனுப்பலாம், பெப்ரவரிப் பனியில். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு யார் விடுவது? வேலையை முழுதாக விடாதீர்கள், ஆனால் முதல் செமெஸ்டரில் கிழமைக்கு இரண்டு ஷிப்டுக்கு மேல் எடுக்கவேண்டாம் என்பது என் கருத்து. முழுநேர இரவு வேலையோடு இதைப் படித்து முடித்தவர்களும் இருக்கினம். அவர்களைப் பார்த்து நீங்களும் துணியவேண்டாம், அவர்களின் வீட்டில் யார் சமைத்தது என்று கேளுங்கள். வீட்டுக்காரரோடு, மாமியோடு, இந்த இரண்டு வருசத்தின் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு கடதாசியில் எழுதிக் கதையுங்கள். "பாப்பம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

படிப்பு முடிந்தால் றெக்ஸ் பி.என். என்ற பரீட்சை. 2022 ஜனவரியில் இருந்து ஒன்ராறியோவில் இதுதான். கணினியில் எடுப்பது, உங்கட பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கூட்டிக் குறைக்கும், நாலு மணித்தியாலம், அதிகபட்சம் 150 கேள்வி. கேள்விகள் கடினமாகிக்கொண்டு போனால் அது நல்ல அறிகுறி. இதற்குத் தயாராகிறதைப் பற்றி ஒரு தனிப் பகுதி செய்கிறேன், இப்ப அதை நினைத்து நித்திரை கெடவேண்டாம்.

அடுத்த வருசம் செப்டெம்பரில் வகுப்பில் இருக்கவேணும் என்றால், இந்த மாதம் செய்யவேண்டியது நாலு விசயம்தான். சி.என்.ஓ. பட்டியலில் மூன்று கல்லூரிகளைத் தெரிந்து அவற்றின் பாட நிபந்தனையை அச்சடித்து வையுங்கள். உங்களிடம் இல்லாத பாடத்துக்கு அப்கிரேடிங்கில் பெயர் கொடுங்கள், ஏனென்றால் அங்கேயும் காத்திருப்போர் வரிசை இருக்கலாம். ஊர்ச் சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுத்து, இரத்தப் பரிசோதனையையும் முதல் ஹெப்படைடிஸ் ஊசியையும் கேளுங்கள்.

மூன்று கல்லூரிகளின் நிபந்தனைகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துவிட்டு விளங்காத இடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த பகுதியில் முதலில் அந்தக் கேள்விகளைத்தான் எடுப்பேன்.